தாத்தா உனக்கு யாரும்மா என்று நீ கேட்டதற்கு

கண்ணா,

நேற்று மத்தியானம் உன் கல்யாணப் பத்திரிகையின் ப்ரூஃபை என் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாய். நீ வருவதற்குள் நான் சிவப்புப் பேனாவால் இரண்டு காரியம் செய்து வைத்திருந்தேன். தமிழில் இருந்த பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு. தெலுங்குப் பக்கத்தில் 'போளூர் முனிரத்தினம் அவர்களின் பேரன்' என்று இருந்த வரியின் மேல் இன்னொரு கோடு. தலையைத் துவட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாய். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கோபம் வந்தால் உனக்குத் தானாக வரும் தெலுங்கில் கேட்டாய்: "தாத்தா நீக்கு ஏமவுதாடம்மா?" தாத்தா உனக்கு யாரும்மா என்று. பத்திரிகை நீளமாக இருக்கிறது என்று நான் ஏதோ உளறினேன். "அந்த ஒரு வரி நீளமா?" என்று கேட்டுவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். உன் கோபம் நியாயம்தான். உன்னைத் தோளில் தூக்கி வளர்த்த மனுஷர் அவர். ஆனால் நீ கேட்ட கேள்வி எனக்குப் புதிது இல்லை. இதற்கு முன்னால் இரண்டு பேர் என்னிடம் அதையே கேட்டிருக்கிறார்கள், இரண்டும் ஒரே நாளில். இரண்டு தடவையும் நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் காபி போடுகிறேன் என்று எழுந்து போய்விடுவேன், என்னை எனக்குத் தெரியும். உனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதும் தெரியும். கேட்டால் புரியும், பதில் தெலுங்கில் வரும், எழுத்து மட்டும் தெரியாது. அந்தக் குறையும் என்னால் வந்ததுதான், அதையும் இதில் சொல்கிறேன். எழுதி முடித்ததும் நானே உனக்குப் படித்துக் காட்டுகிறேன். மருமகளாக வரப்போகிற சிரீஷாவும் வந்தால் நல்லது. அவள் முதல் தடவை நம் வீட்டுக்கு வந்த அன்றைக்கே என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். "அத்தம்மா, லிஃப்ட் கதவு திறந்ததும் பாதிப் பேச்சில் பாஷையை மாத்திட்டீங்களே, ஏன்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். நானும் சிரித்து மழுப்பினேன். இருபத்தைந்து வருஷமாக என்னோடு இருக்கிற நீயும் உன் அப்பாவும் அதைக் கேட்டதே இல்லை, அம்மா என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டீர்கள்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கோடை விடுமுறைக்கு பேகம்பேட்டில் என் அத்தை வீட்டில் இருந்தேன். ஒரு நாள் காலையில் எழுந்தால் வீடே ரேடியோவைச் சுற்றி நிற்கிறது. நாடு முழுக்கத் தெரிந்த தலைவர் ஒருவரை, தேர்தல் கூட்டத்துக்குப் போன இடத்தில் கொன்றுவிட்டார்கள். பேர் சொல்ல வேண்டியதில்லை, உனக்கே தெரியும். போன இடம் தமிழ்நாடு. அந்த ஒரு விஷயத்தில்தான் அத்தையின் முகம் மாறியது. தலைவருக்காக அழுதுகொண்டிருந்தவள், அழுகையை நிறுத்திவிட்டுத் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். "நம்ம ஊர்லயா நடக்கணும்" என்றாள். அந்த ஊரை அவள் ஐந்து வயதில் பார்த்ததோடு சரி. பிறந்ததிலிருந்து செகந்திராபாத்தைத் தவிர வேறு எதையும் பார்க்காத எனக்கும் அன்றைக்குத்தான் நான் வெளியூர்க்காரி என்று தெரிந்தது.

அப்பா அப்போது ரயில்வே ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர். நாங்கள் லோத்குண்டாவில் இருந்தோம். பஸ் ஓடவில்லை, கடை திறக்கவில்லை. ஆனாலும் என்னைக் கூட்டிப்போக அத்தனை தூரம் சைக்கிள் மிதித்து வந்துவிட்டார். இங்கேயே பத்திரமாக இருக்கட்டுமே என்று அத்தை எவ்வளவோ சொன்னாள். "எது ஆனாலும் பிள்ளை எங்ககிட்ட இருக்கட்டும்" என்றார். என்னைக் கேரியரில் உட்கார வைத்து, ஒரு கையால் என் தலையைச் சரிசெய்து, மெல்லச் சொன்னார்: "வழியில தமிழ்ல பேசாதம்மா. யாராவது கேட்டா தெலுங்குல பதில் சொல்லு. உனக்குத்தான் நல்லா வருமே." அது உண்மைதான். அவருடைய தெலுங்கில் போளூர்த் தமிழ் அப்படியே உட்கார்ந்திருக்கும். என் தெலுங்கை யாரும் குறை சொல்ல முடியாது. வகுப்பில் நான் தெலுங்கில் முதல் மார்க். அந்தப் பெருமை அவருக்கு உண்டு.

திருமலகிரிக்கு முன்னால் ஒரு முச்சந்தி. நடுரோட்டில் டயர் எரிந்துகொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு மர நாற்காலியில் தலைவரின் படத்தை வைத்து மாலை போட்டிருந்தார்கள். படத்தின் பக்கத்தில் தரையில் ஒரு அம்மாள் தலைவிரி கோலமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஏழெட்டு இளைஞர்கள் சைக்கிளை நிறுத்தினார்கள். எந்த ஊர் என்று கேட்டார்கள். அப்பா லோத்குண்டா என்றார். அது இருக்கட்டும், சொந்த ஊர் எது என்று கேட்டார்கள். உன் தாத்தாவுக்குப் பொய் சொல்ல வராது, உனக்கே தெரியும். சீட்டு விளையாடும்போது கையில் நல்ல சீட்டு வந்தால் முகத்திலேயே தெரிந்துவிடும் என்று நீ கேலி செய்வாயே. நெல்லூர் என்றோ சித்தூர் என்றோ சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். அந்த நேரத்தில் அவர்களில் ஒருவன் என் பக்கம் குனிந்தான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. சின்னப் பெண்ணிடம் கேட்கிற மாதிரி நிதானமாகத்தான் கேட்டான்: "பாப்பா, ஈயன நீக்கு ஏமைதடு?" இவர் உனக்கு என்ன ஆகணும்?

நான் சொன்னேன்: "நாக்கு தெல்வது." எனக்குத் தெரியாது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று முப்பது வருஷத்துக்கும் மேலாக யோசிக்கிறேன். தமிழில் பேசாதே என்று சொன்னதை, தமிழ்க்காரியாக இருக்காதே என்று எடுத்துக்கொண்டேனா? அவர் தமிழர், நான் அவர் மகள் இல்லை என்றால் நான் தமிழ் இல்லை, அவ்வளவுதான் அந்த வயதுக் கணக்கு. இல்லை, வெறும் பயமா? தெரியவில்லை. சொன்னது மட்டும் உண்மை. நல்ல தெலுங்கில், ஒரு பிழையும் இல்லாமல் சொன்னேன். அதுவரை வெறுமனே விசாரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதன் பிறகுதான் சந்தேகம் வந்தது. யார் வீட்டுப் பெண்ணையோ கேரியரில் ஏற்றிக்கொண்டு, ஊர் பேரும் சொல்லத் தெரியாமல் ஒருவன் இந்த நாளில் எங்கே போகிறான்? முதல் அறையில் கண்ணாடி விழுந்தது. அடுத்த அறையில் உதடு கிழிந்தது. சைக்கிளைச் சாக்கடையில் தள்ளினார்கள்.

கண்ணா, அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இது என் பொண்ணு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கண்ணாடி இல்லாத கண்ணால் என்னை ஒரு தடவை பார்த்தார், அப்புறம் பார்வையைத் திருப்பிக்கொண்டார். என் பொய்யால் நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். தான் வாயைத் திறந்தால் என்னையும் இழுத்துவிடுவார்கள் என்று, அடியை வாங்கிக்கொண்டு என் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டு நின்றார். இது எனக்கு நீ பிறந்த பிறகுதான் புரிந்தது. அதற்கு முன்னால், அவர் என் மேல் கோபத்தில் பேசவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

படத்தின் பக்கத்தில் அழுதுகொண்டிருந்த அம்மாள் எழுந்து வந்தது அப்போதுதான். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக உள்ளே புகுந்து, அடித்தவன் கையைப் பிடித்தாள். "தெல்வதட! ஆ பிட்ட சேயி சூடுண்ட்ரா!" என்றாள். தெரியாதாம்! அந்தப் பிள்ளையின் கையைப் பாருங்கடா! எல்லாரும் பார்த்தார்கள். நானும் அப்போதுதான் பார்த்தேன். என் வாய் தெரியாது என்று சொன்ன நேரம் முழுக்க என் கை அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தது. சட்டை கசங்கிக் கைக்குள் உருண்டையாக இருந்தது. பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவன் கண்ணாடியைத் தேடி எடுத்துத் தன் சட்டையில் துடைத்து அப்பாவிடம் கொடுத்தான். இன்னொருவன் சாக்கடையில் இறங்கினான். அடித்தவன் எங்கே போனான் என்று நான் பார்க்கவில்லை.

அந்த அம்மாள் பெயர் யாதம்மா. முச்சந்தியில் டீக்கடை வைத்திருந்தாள், வீடும் அதன் பின்னாலேயே. எங்களை உள்ளே கூட்டிப் போய்க் கதவைச் சாத்தி, அப்பா முகத்தைத் தன் கையாலேயே கழுவிவிட்டாள். முன்பின் தெரியாத ஒரு பெண்பிள்ளை அப்பாவின் முகத்தைத் தொட்டுக் கழுவுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவரும் குழந்தை மாதிரி முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு பற்றவைக்கவில்லை. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது இல்லையா, அவள் அந்தத் தலைவருக்கு அந்த வழக்கத்தை அனுசரித்துக்கொண்டிருந்தாள். டீக்கடை அடுப்பும் அணைந்து கிடந்தது. ஒரு தடவை தலைவர் அந்த வழியாகப் போகும்போது கையைக் காட்டியிருக்கிறாராம், தனக்குத்தான் காட்டினார் என்றாள். என் முகத்தைப் பார்த்து, காலையிலிருந்து சாப்பிட்டாயா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தவள், உட்கார்ந்து விறகைத் தள்ளினாள். அப்பா பதறிப்போய், வேண்டாம்மா, துக்க வீட்டில் எங்களுக்காக வேண்டாம் என்றார். "அவர் இருந்தா என்ன சொல்லியிருப்பார்? பிள்ளை பட்டினியா நிக்குதுன்னு என்னைத்தான் திட்டுவார்" என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டே ஊதினாள். புகையில் அவள் கண்ணும் எங்கள் கண்ணும் கலங்கியது.

சோறும் தக்காளிப் புளிக்குழம்பும் போட்டாள். அப்பாவால் கிழிந்த உதட்டோடு சாப்பிட முடியவில்லை. ஒரு வாய் வைத்தார், அப்புறம் தட்டைப் பார்த்துக்கொண்டு அழுதார். அடி வலிக்கிறது என்று நான் நினைத்தேன். அவரோ அவளிடம், "நானும் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டேம்மா. எனக்கும் அவர்தானே. காலைல ரேடியோவுல கேட்டதிலிருந்து நானும் அழணும்னு பாக்கறேன், பயந்துக்கவே நேரம் சரியா இருக்கு" என்று, தெலுங்கு பாதி தமிழ் பாதியாகச் சொன்னார். அவள் எல்லாம் புரிந்த மாதிரி தலையை ஆட்டினாள். அந்த ஊரில் அவருக்கு அழ இடம் கொடுத்தது அந்த வீடு ஒன்றுதான்.

கிளம்பும்போது யாதம்மா என் தாடையைப் பிடித்துத் தூக்கினாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்தி, சிரித்த முகமாகக் கேட்டாள்: "இப்புடு செப்பு பிட்டா. ஈயன நீக்கு ஏமைதடு?" இப்போது சொல்லு. அவளுக்குத் தெரியாமலா கேட்டாள்? அந்த வார்த்தையை நான் சொல்லிவிட்டால் எனக்கு நல்லது என்று தெரிந்து கேட்டாள். அப்பா பக்கத்தில்தான் நின்றார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். என்ன அவமானமோ, என்ன பிடிவாதமோ, வாயே வரவில்லை. அவள் கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டு, தலையைத் தடவி அனுப்பிவிட்டாள்.

சைக்கிள் வளைந்துபோனதால் தெரிந்த ரிக்‌ஷாக்காரர் காஸிம் பாயைக் கூப்பிட்டு எங்களை ஏற்றிவிட்டாள். அவர் ரிக்‌ஷாவின் கூடாரத்தை முன்னால் இழுத்து எங்கள் முகம் தெரியாமல் மறைத்தார். சைக்கிளைப் பின்னால் கட்டினார். நான் அழ ஆரம்பித்ததும் மிதித்துக்கொண்டே திரும்பிப் பார்த்து, "கைக்கு ரோரே பேட்டா? நக்கோ ரோ. அப்பா ஹை நா பாஜு மே" என்றார். ஏன் அழுகிறாய், அழாதே, அப்பாதான் பக்கத்தில் இருக்கிறாரே. அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் அழுகை வந்தது. வீட்டு வாசலில் என் அம்மா அலறிக்கொண்டு ஓடி வந்தாள். "சைக்கிள்லேருந்து விழுந்துட்டேன்" என்றார் அப்பா. பொய் சொல்லத் தெரியாதவர், அந்தப் பொய்யை மட்டும் சாகும்வரை ஒழுங்காகச் சொன்னார்.

அதற்குப் பிறகு வெளியில் நான் தமிழ் பேசியதில்லை. முதலில் ஒரு வாரத்துக்கு என்று ஆரம்பித்தது, பழகிப்போய்விட்டது. யாரும் எங்களை அப்புறம் ஒன்றும் செய்யவில்லை. ஊர் சீக்கிரமே பழையபடி ஆகிவிட்டது, நான்தான் ஆகவில்லை. காலேஜுக்குப் போகும் டவுன் பஸ்ஸில் அப்பா ஏறினால் இரண்டு சீட் தள்ளிப் போய் உட்காருவேன். அவரும் கூப்பிட மாட்டார். உனக்கு ஐந்து வயதில் ஏ.எஸ்.ராவ் நகர் ஸ்கூல் வாசலில் ஒரு நாள் அவரைப் பார்த்து "தாத்தா, இங்க இருக்கேன்" என்று தமிழில் கத்தினாய். நான் உன் வாயைப் பொத்தினேன். உனக்கு ஞாபகம் இருக்காது. அவர் கையில் உனக்காக வாங்கிய கடலை மிட்டாயோடு அப்படியே நின்றார். அந்த வருஷம்தான் உனக்குத் தமிழ் எழுத்து சொல்லித்தர ஒரு சிலேட்டு வாங்கிவந்தார். படிப்பு கெட்டுப்போகும் என்று நான் அதைப் பரண் மேல் போட்டுவிட்டேன். படிப்பாவது கெடுவதாவது. எனக்கு இருந்த பயத்துக்கு உன் படிப்பைச் சாக்குச் சொன்னேன்.

அவர் கடைசியாகப் படுத்திருந்த நாட்களில் மூன்று நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து, சொல்லிவிடலாம் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். அவரே ஆரம்பித்தார். "அந்த யாதம்மாவை ஒரு தடவை போய்ப் பாத்திருக்கணும்மா. சோறு போட்டாங்க, திரும்பிப் போகவே இல்ல பாரு" என்றார். அவ்வளவுதான். அடித்தவர்களைப் பற்றியும் பேசவில்லை, என்னைப் பற்றியும் பேசவில்லை. நான் அப்போதாவது மன்னிச்சுடுப்பா என்று சொல்லியிருக்கலாம். தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அவர் போன பிறகு ஒரு நாள் அந்த முச்சந்திக்குப் போனேன். டீக்கடை இருந்த இடத்தில் பெரிய துணிக்கடை. யாதம்மாவைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. துணிக்கடைப் பெண் என்ன வேண்டும் ஆன்ட்டி என்று கேட்டாள், ஒரு கைக்குட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. ஆனாலும் அம்மா இல்லையா, சொல்லாமல் விடுவேனா? எங்கேயோ யாரோ ஒருவரைக் கொன்றால், சம்பந்தமே இல்லாத தெருவில் யாராவது ஒருவர் வீட்டு ஜன்னலைச் சாத்த வேண்டியிருக்கிறது. அது இன்றைக்கும் நடக்கிறது, ஆள்தான் வேறு. உன் தெருவில் அப்படி ஒரு ஜன்னல் மூடினால் நீ போய்க் கதவைத் தட்டு. யாதம்மா உன்னைவிடப் பெரிய துக்கத்தில் இருந்துகொண்டுதான் எழுந்து வந்தாள். அப்புறம், உனக்கு ஒரு பயம் இருந்தால் அதை உன் பிள்ளைக்குக் கொடுக்காதே. கொடுக்கிறோம் என்று தெரியாமலே கொடுத்துவிடுவோம், நான் உனக்குக் கொடுத்த மாதிரி. நன்றி சொல்லப் போக வேண்டிய வீட்டுக்குச் சீக்கிரம் போய்விடு. நாம் போவதற்குள் துணிக்கடை வந்துவிடுகிறது.

இன்று காலையில் அச்சகத்துக்குப் போய் வேறு ப்ரூஃப் வாங்கி வந்துவிட்டேன். தமிழ்ப் பக்கம் முதல் பக்கமாக இருக்கிறது. உன் தாத்தாவின் வரி இருக்கிறது. அழைப்பவர்கள் என்று எங்கள் பேர் போட்டிருக்கிற இடத்தில் என் பேருக்கு முன்னால் ஒன்று சேர்க்கச் சொன்னேன். கல்யாணப் பத்திரிகையில் யாரும் அப்படிப் போடுவதில்லையே, வீட்டுக்காரர் பேரைத்தானே போடுவார்கள் என்று அச்சகத்துப் பையன் கேட்டான். உன் அப்பாவிடம் கேட்டேன், போட்டுக்கோ என்று சொல்லிவிட்டார். 'போளூர் முனிரத்தினத்தின் மகள்' என்று போட்டிருக்கிறது. இரண்டு பாஷையிலும் போட்டிருக்கிறது. தெலுங்கில் பிழை இருக்கிறதா என்று நானே பார்த்தேன், இல்லை.

சாயங்காலம் சீக்கிரம் வா. பால்கனிக் கதவைச் சாத்த வேண்டாம், பக்கத்து வீட்டில் கேட்டால் கேட்கட்டும். சத்தமாகவே படிக்கிறேன். நடுவில் என் குரல் நின்றுபோனால் நீ தண்ணீர் எடுக்கப் போகாதே, பக்கத்திலேயே இரு. கடைசி வரி ஒன்றுதான் இருக்கும், அதை மட்டும் எப்படியும் சொல்லிவிடுகிறேன். நீ கேட்டதற்கும், அந்தப் பையன் கேட்டதற்கும், யாதம்மா கேட்டதற்கும் பதில் அதுதான்.

அவர் என் அப்பாடா.